இரவு 2.20க்குத் தண்ணீர் முறை

முதல் நாள்: சால்ட் லேக் சிட்டி

விமானம் இறங்கும்போது கீழே உப்பு ஏரி தெரிந்தது. பால் திரிந்தாற்போல ஓரமெல்லாம் வெள்ளை. ஜன்னல் வழியாக நாலு படம் எடுத்தேன். நாலிலும் விமானத்தின் இறக்கைதான் நன்றாக விழுந்திருக்கிறது. முப்பது வருஷம் காரைக்குடியில் ஸ்டுடியோ வைத்திருந்தவர் எடுக்கிற படமா இது என்று அக்கா மகன் விமான நிலையத்திலேயே ஆரம்பித்துவிட்டான்.

அவனுக்கு இங்கே லீஹையில் மென்பொருள் வேலை. ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறான். "சொல்லுங்க மாமா, கிராண்ட் கேன்யனா, லாஸ் வேகஸா?" என்றான். எனக்கு இரண்டும் வேண்டாம். போன வருஷம் இவனே வாட்ஸாப்பில் ஒரு பழைய படம் அனுப்பியிருந்தான். யூட்டாவில் ஏதோ ஒரு கிராமம், பண்ணை வீட்டு வாசலில் ஒரு குடும்பமே வரிசையாக நிற்கிறது. எடுத்தவர் ஜார்ஜ் எட்வர்ட் ஆண்டர்சன் என்று கீழே போட்டிருந்தது. வெளிச்சம் அப்படி ஒரு பதமாக விழுந்திருந்தது. அன்றையிலிருந்து, மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த இந்த விவசாயிகள் மேல் எனக்கு ஒரு கண். "அந்த ஊர்களுக்குக் கூட்டிப் போடா, போதும்" என்றேன்.

இன்று நகரத்துக்குள் மட்டும் சுற்றினோம். ஆலயத்தைச் சுற்றிக் கூட்டம். நான் பார்க்க விரும்பியது சிட்டி கிரீக் என்ற ஓடையை. மார்மன்களின் நிறுவனர் ஜோசப் ஸ்மித்தை 1844ல் இல்லினாயில் கலகக் கும்பல் ஒன்று சிறைக்குள் புகுந்து சுட்டுக் கொன்றது. மிச்சமிருந்தவர்கள் பிரிகம் யங் தலைமையில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு மேற்கே கிளம்பினார்கள். யங் இந்தப் பள்ளத்தாக்குக்குள் வந்த 1847 ஜூலை 24ஐ யூட்டாவில் இன்றும் விடுமுறையாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் முன்னால் வந்த ஆட்கள் அதற்கு முந்தின நாளே ஏர் பூட்டிவிட்டார்கள். மண் காய்ந்து இறுகிக் கிடந்ததில் கலப்பைகள் உடைந்தன. அப்புறம் இந்த ஓடையை மறித்துத் தண்ணீரைத் திருப்பிவிட்டு, நிலம் ஊறியபிறகு உழுது உருளைக்கிழங்கு ஊன்றினார்கள். தலைவர் வந்து சேரும் முன்பே வாய்க்கால் வந்துவிட்டது. இந்த ஜனங்களைப் புரிந்துகொள்ள எனக்கு இந்த ஒரு சேதி போதும்.

இப்போது அந்த ஓடையின் பெயரில் ஒரு மால் இருக்கிறது. உள்ளே செயற்கையாக ஓர் ஓடையும் ஓடுகிறது, மீன்கள்கூட உண்டு. மாப்பிள்ளை அங்கே செருப்பு வாங்கினான்.

இரண்டாம் நாள்: ஸ்பிரிங்வில்

தெற்கே ஒரு மணி நேர ஓட்டம். ஆண்டர்சன் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர். பக்கத்து ஊரான ப்ரோவோவில் உள்ள பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் அவருடைய கண்ணாடி நெகடிவ்களைப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். பலவற்றை இணையத்திலேயே பார்க்கலாம். நேற்று இரவு ஒரு மணி வரை மாப்பிள்ளையின் லேப்டாப்பில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆண்டர்சன் 1860ல் சால்ட் லேக் சிட்டியில் பிறந்தவர். பையனாக இருக்கும்போதே சார்லஸ் சாவேஜின் ஸ்டுடியோவில் தொழில் பழகினார். சாவேஜ் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1869 மே 10ஆம் தேதி, கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த ரயில் பாதைகள் யூட்டாவில் சேர்ந்தபோது படமெடுத்த மூவரில் ஒருவர். அவரிடம் பழகிய ஆண்டர்சன் கேமராவோடு ஒரு கூடாரத்தையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். கூடாரத்தைக் கேட்டால் ஏதோ சர்க்கஸ் போலத் தோன்றும். தொழில்காரனுக்குத்தான் அதன் அருமை தெரியும். வெள்ளைத் துணி வழியாக வடிகட்டி இறங்கும் வெயிலைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. நாங்கள் காசு கொடுத்து வாங்கிய குடை விளக்கெல்லாம் அதைக் காப்பியடிக்கத்தான்.

ஜனங்கள் இருப்பதிலேயே நல்ல துணியை உடுத்திக்கொண்டு வந்து நின்றார்கள். கோட்டு, சங்கிலிக் கடிகாரம், கழுத்துவரை பொத்தான் போட்ட கவுன். எல்லாம் சரி, கையைப் பாருங்கள். மடியில் வைத்திருக்கிற கை மண்வெட்டி பிடித்த கை. ஆண்டர்சன் அதை மறைக்கச் சொல்லவில்லை.

1900 மே 1ஆம் தேதி, மலைக்கு அந்தப் பக்கம் ஸ்கோஃபீல்டில் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. அரசுக் கணக்குப்படி 200 பேர் செத்தார்கள். ஆண்டர்சன் அங்கேயும் போய்ச் சவப்பெட்டி வரிசைகளைப் படமெடுத்தார். அந்தப் படங்களைப் பார்க்கும்போது மாப்பிள்ளை லேப்டாப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

ஒரு விஷயத்தில் எனக்கு இந்த மனிதர் மேல் கோபம். 1907ல் சபை ஊழியத்துக்காக இங்கிலாந்து போகக் கிளம்பினார். போகிற வழியில் மிசௌரி, இல்லினாய், ஒஹையோ, நியூயார்க், வெர்மான்ட் என்று மார்மன் வரலாற்றில் வருகிற இடங்களையெல்லாம் படமெடுத்துக்கொண்டே போனார். வீடு திரும்பியது 1913ல். மனைவி ஆலிவ் குழந்தைகளை வைத்துக்கொண்டு இங்கே தனியாகச் சமாளித்தார். வரலாற்றுக்கு லாபம், வீட்டுக்கு நஷ்டம். எங்கள் தொழிலில் இப்படிப்பட்ட ஆட்களைப் பார்த்திருக்கிறேன். நானே கல்யாண ஆர்டருக்கென்று போய் நாலு நாள் கழித்து வந்து வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். ஆனால் ஆறு வருஷம்!

சாயங்காலம் காப்பிக்கு அலைந்ததில் கிடைத்தது 'டர்ட்டி சோடா'. கோலாவில் தேங்காய் சிரப்பும் பாலாடையும் ஊற்றித் தருகிறார்கள். மார்மன்கள் காப்பி, டீ, மது, புகையிலை எதையும் தொடமாட்டார்கள். அந்த ஏக்கத்தையெல்லாம் சர்க்கரையில் தீர்த்துக்கொள்கிறார்கள் போல. ஒரு வாய்க்கு மேல் எனக்கு இறங்கவில்லை.

மூன்றாம் நாள்: ஸ்பிரிங் சிட்டி

மலைக் கணவாய் வழியாகச் சான்பீட் பள்ளத்தாக்கு நோக்கிப் பயணம். வழியில் திஸில் என்ற இடத்தில் நிறுத்தினோம். 1983 ஏப்ரலில் மலைச்சரிவு ஆற்றை அடைத்து ஊரையே மூழ்கடித்துவிட்டது. பாழடைந்த வீடுகள் தண்ணீர் தேங்கிய இடத்தில் இன்னும் தெரிகின்றன. மாப்பிள்ளைக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை, கிளம்பிவிட்டோம்.

ஸ்பிரிங் சிட்டி முழு ஊருமே அமெரிக்க வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் இருக்கிறது. வந்து பார்த்தால் அப்படி ஒன்றும் பிரமாதம் இல்லை. கல்வீடுகள், வீட்டுக்கு வீடு ஆப்பிள் மரம், கொட்டகை. ஆனால் தெரு? நாலு மாட்டுவண்டி ஒரே நேரத்தில் திரும்பலாம், அவ்வளவு அகலம். அமெரிக்காவில் விவசாயி என்றால் நிலத்துக்கு நடுவே தன்னந்தனி வீடு என்றுதான் நினைத்திருந்தேன். மார்மன்கள் அப்படி இல்லை. நம் கிராமம் மாதிரிதான். எல்லோருக்கும் ஊருக்குள் வீடு, வீட்டைச் சுற்றிக் கொல்லையும் தொழுவமும், வயல் ஊருக்கு வெளியே. காலையில் போய் இருட்டினதும் திரும்புவார்கள். சபை, பள்ளிக்கூடம், பக்கத்து வீடு எல்லாம் கூப்பிடு தூரத்தில்.

இந்த நிலம் முன்பு யூட் என்ற பழங்குடி மக்களுடையது. யூட் தலைவர் வாக்கராதான் 1849ல் சான்பீட்டில் குடியேற மார்மன்களை அழைத்தார். அழைத்தவருக்கு என்ன கிடைத்தது? சண்டை, பட்டினி, கடைசியில் அவர் ஜனங்கள் இந்தப் பள்ளத்தாக்கிலேயே இல்லாமல் போனது. கல்வீடுகளை ரசிக்கிறபோது இதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது.

தங்கியிருப்பது ஓர் அம்மாவின் வீட்டு மாடியில். வயது எண்பதைத் தாண்டியிருக்கும், முதுகு நிமிர்ந்தே நடக்கிறார். பெயரைப் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். 'மார்மன்' என்ற சொல்லைச் சபை 2018 முதல் தவிர்க்கச் சொல்கிறது, நீளமான முழுப்பெயரைத்தான் சொல்ல வேண்டுமாம். "ஆனால் என் அப்பா தன்னை மார்மன் என்றுதான் சொல்லிக்கொண்டார், நீங்களும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

அடுப்படியில் காப்பி இல்லை. வறுத்த தானியத்தை அரைத்து வெந்நீரில் கலந்து கொடுத்தார். குடித்தேன். மாடியில் மாப்பிள்ளை பெட்டியைத் திறந்து இன்ஸ்டன்ட் காப்பி பாக்கெட்டை எடுத்துக் காட்டினான். அடுத்தவர் வீட்டு விரதத்தை உடைக்க வேண்டாம் என்று வெளியே கார் பக்கத்தில் நின்று, பிளாஸ்கிலிருந்த வெந்நீரில் கலக்கி, திருடன் மாதிரிக் குடித்தோம்.

நான் ஸ்டுடியோ வைத்திருந்தவன் என்று பேச்சுவாக்கில் இவன் சொல்லிவிட்டான். அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "நாளைக்கு எங்கும் போகாதீர்கள்" என்றார்.

நான்காம் நாள்: அதே வீடு

இன்று வண்டியை எடுக்கவே இல்லை.

காலைச் சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்து, அதன் மேல் ஒரு துண்டை விரித்து, ஒரு ஆல்பமும் ஒரு தகர டப்பாவும் ஒரு கேமராவும் கொண்டுவந்து வைத்தார். மூன்றும் அவர் அப்பாவுடையவை. அப்பா விவசாயி. ஊருக்கு வெளியே மூன்று துண்டாகக் கிடந்த நிலம், கொஞ்சம் ஆடு, நிறையக் கோழி. குதிரைமசாலும் கோதுமையும் போட்டார். படமெடுப்பது ஆசைக்கு.

முதலில் கேமராவைச் சொல்லிவிடுகிறேன். கோடாக்கின் ஆட்டோகிராஃபிக் வகை, மடக்குக் கேமரா. முதல் உலகப் போர்க் காலத்தில் வந்தது. கேள்விப்பட்டிருக்கிறேன், கையில் தொட்டது இன்றுதான். துருத்தி இன்னும் விறைப்பாக இருக்கிறது. முதுகுப் பக்கம் விரல் அகலத்தில் ஒரு சின்னக் கதவு, அதன் அருகே செருகி வைத்த உலோக எழுத்தாணி. படம் எடுத்ததும் கதவைத் திறந்து, உள்ளே தெரியும் தாளில் எழுத்தாணியால் எழுதி, சில விநாடி வானத்துக்குக் காட்டிவிட்டு மூட வேண்டும். எழுதியது ஃபிலிமிலேயே பதிந்துவிடும். கழுவினால் படத்தின் ஓரத்தில் கையெழுத்தும் வரும். ஃபிலிம் மேலேயே எழுத்தாணியால் எழுதியிருக்கிறார்கள், ஓலையில் எழுதியது போல! முப்பது வருஷத் தொழிலில் எனக்கு இப்படி ஒரு வசதி இருந்ததில்லை.

எல்லோரும் பெயரும் தேதியும்தான் எழுதுவார்கள் என்று நினைக்கிறேன். இவர் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? 'இரண்டாம் அறுப்பு'. 'வாய்க்கால் தூர் வாரிய அன்று'. 'சிவப்புப் பசு கன்று போட்டது'. 'என் முறை 2.20'. ஆட்கள் பெயர் ஒன்றில்கூட இல்லை. ஊருக்குள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், எழுதி என்ன ஆகப்போகிறது என்று விட்டிருப்பார். இப்போது மகளுக்கே பாதிப் பேரை அடையாளம் தெரியவில்லை.

ஒரு சுருளில் ஆறே படம். அந்த ஃபிலிமும் அவர் காசில் வாங்கியது இல்லை, மனைவியின் முட்டைக் காசு. பயிர் வருமானம் கடனுக்கும் விதைக்கும் சபைத் தசமபாகத்துக்கும் போய்விடும். கோழி மட்டும் வீட்டம்மாள் கணக்கு. மாதம் ஒரு சுருளுக்கு மேல் கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். அதனால் ஆல்பத்தில் ஒரு படமும் வீணாக எடுத்ததாகத் தெரியவில்லை. மாப்பிள்ளை தன் செல்போனை எடுத்துப் பார்த்துவிட்டு, முந்தாநாள் மட்டும் 312 படம் எடுத்திருப்பதாகச் சொன்னான். அதில் எழுபது டர்ட்டி சோடா.

ஒரு படத்தில் அந்த வீட்டம்மாள் கோழிகளுக்கு நடுவே நிற்கிறார். கண் இரண்டும் வெளுத்துப் போய் ஆவி மாதிரி இருக்கிறது. மாப்பிள்ளை பயந்தே விட்டான். அம்மாவோ, "என் அம்மாவுக்கு அவ்வளவு அழகான கண், படத்தில் ஏன் இப்படி என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே வருத்தம்" என்றார். நீலக் கண்ணா என்று கேட்டேன். ஆமாம் என்றார், டென்மார்க்கிலிருந்து வந்த குடும்பமாம். அந்தக் கால ஃபிலிம் நீலத்தை வெள்ளையாகக் காட்டும், சிவப்பைக் கறுப்பாகக் காட்டும், அதனால்தான் வானமெல்லாம் வெறும் தாளாக இருக்கிறது, சிவப்புக் கொட்டகை கரியாக இருக்கிறது என்று விளக்கினேன். அவன் மொழிபெயர்த்தான். அம்மா அந்தப் படத்தை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று, வைக்கோல் போர் போடும் படம். இங்கே ஒரு மரச் சாதனம் உண்டு. நட்டமாக ஒரு கம்பம், அதன் உச்சியில் சாய்வாக ஒரு நீளக் கை, கையின் நுனியில் கயிறும் கவ்வியும். குதிரை கயிற்றை இழுத்தால் வண்டியிலிருக்கும் தீவனம் மேலே போய்ப் போரில் விழும். எட்ட இருந்து பார்த்தால் அச்சு அசல் நம் ஏற்றம். இந்த ஊர்களில் சில கொல்லைகளில் இன்றும் நிற்கிறது. படத்தில் அந்தக் கையின் மேல் ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். காலை ஆட்டியிருப்பான் போல, இரண்டு காலும் கலங்கலாக விழுந்திருக்கின்றன. கீழே நிற்கும் மூன்று பெரியவர்கள் மரக்கட்டையாக நிற்கிறார்கள்.

புரட்டப் புரட்ட ஒன்று உறைத்தது. ஒருவர்கூட நல்ல துணியில் இல்லை. ஒட்டுப் போட்ட கால்சட்டை, முழங்கை கிழிந்த சட்டை, ஏப்ரன். ஆண்டர்சனின் கூடாரத்துக்கு வந்த அதே ஜனங்கள்தான், ஆனால் இங்கே அவர்களைப் பார்த்தால் வேறு ஊர் மாதிரி இருக்கிறது. காரணம் கேட்டேன். ஞாயிறு ஓய்வுநாள், கேமராவும் அன்றைக்கு அலமாரியில் ஓய்வு. நல்ல துணி உடுத்துவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். கணக்கு சரியாகிவிட்டது.

எங்கே கழுவினார்? வீட்டுக்குப் பின்னால் மண்ணுக்குள் தோண்டிய உருளைக்கிழங்கு அறை. கூட்டிப் போய்க் காட்டினார். ஏழு படி இறங்க வேண்டும், வெயிலிலும் ஜில்லென்று இருக்கிறது. சிவப்புக் கண்ணாடி லாந்தர் ஆணியில் இன்னும் தொங்குகிறது. எனக்கு, படத்தை நிலைப்படுத்துகிற மருந்தான ஹைப்போவின் வாசம் அடித்தது. பிரமைதான், அவர் படம் கழுவுவதை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

ஹைப்போ போக நெகடிவை ஓடும் தண்ணீரில் நெடுநேரம் அலச வேண்டும், இல்லாவிட்டால் பழுத்துவிடும். வீட்டில் அப்போது குழாய் கிடையாது. அவர் என்ன செய்தார் என்றால், கம்பி வலையில் ஒரு பெட்டி செய்து, நெகடிவை அதற்குள் கவ்வி மாட்டி, தன் தண்ணீர் முறை வரும்போது வாய்க்காலில் இறக்கிவிடுவார். வயலுக்குப் போகிற தண்ணீர் படத்தையும் கழுவிவிட்டுப் போகும். தகர டப்பாவிலிருந்த நெகடிவ்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பொடிப்பொடியாக, ஒரே திசையில், மயிரிழைக் கீறல்கள். வண்டல் மணல் கீறியது.

இந்தத் தண்ணீர் முறையைச் சொல்லாமல் இவர்கள் வாழ்க்கை புரியாது. இங்கே மழை குறைவு. கிழக்கு மலையில் உருகி வரும் பனிதான் பாசனம். விவசாயிகளே சேர்ந்து நீர்ப்பாசன சங்கம் வைத்திருக்கிறார்கள், ஆளுக்கு இத்தனை பங்கு. பங்குக்குத் தகுந்த நேரம். முறை வைத்துத் தண்ணீர் பங்கிட்டு விடுகிறவரை எங்கள் பக்கத்தில் நீர்க்கட்டி என்போமே, அதே வேலைக்கு இங்கேயும் ஓர் ஆள் உண்டு. அவர் எழுதிக் கொடுத்த சீட்டில் செவ்வாய் இரவு 2.20 முதல் 4.10 வரை என்றிருந்தால் அந்த நேரத்தில் மண்வெட்டியும் லாந்தருமாக மடையில் நிற்க வேண்டும். தூங்கிவிட்டால் போச்சு, அடுத்த முறை வரை பயிர் வாடும். ஒரே சபையில் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறவர்கள்கூடத் தண்ணீர் திருட்டுக்காக மண்வெட்டியைத் தூக்கியதுண்டாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு எங்கள் கண்மாய்ச் சண்டைகள் எல்லாம் கண்முன் வந்து போயின.

'என் முறை 2.20' என்று எழுதிய படத்துக்கு வருகிறேன். முதலில் பார்த்தபோது கெட்டுப்போன படம் என்றே நினைத்தேன். முழுக்க இருட்டு. மேலே மலையின் விளிம்பு மங்கலாக. நடுவில் இடமிருந்து வலமாக மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று, நெளிந்து நெளிந்து போகிறது. அங்கங்கே கோட்டின் மேல் பொட்டு வைத்தாற்போலத் தடிப்பு.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அப்புறம்தான் விளங்கியது. கேமராவை வேலிக் கம்பத்தின் மேல் வைத்து, ஷட்டரைத் திறந்தபடி விட்டுவிட்டு, லாந்தரோடு வயல் ஓரம் நடந்திருக்கிறார். நடந்த தடம் கோடு. ஒவ்வொரு மடையாக நின்று மண்ணை வெட்டித் திறந்த இடமெல்லாம் பொட்டு. எண்ணினேன், ஏழு. மண்ணெண்ணெய் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் அந்த ஃபிலிமில் லேசில் பதியாது. பதிய வேண்டுமானால் நல்ல நிதானமாக நடந்திருக்க வேண்டும். மலை தெரிவதால் அன்று நிலா இருந்திருக்கிறது.

"ஆல்பத்தில் அப்பா படம் ஒன்றுகூட இல்லையே என்று நான் கேட்டால், இதைத்தான் காட்டுவார்" என்றார் அம்மா. "விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்."

ஆறில் ஒரு படம். முட்டைக் காசு. இருட்டில் எடுத்தால் வருமா வராதா என்று தெரியாத படத்துக்கு அதைச் செலவழித்திருக்கிறார். பிரிண்ட் சரியாக வந்தபோது இந்த ஊரில் யாரிடம் காட்டியிருப்பார் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ஐந்தாம் நாள்: நெடுஞ்சாலை

காலையில் மேன்டை போய் அங்குள்ள ஆலயத்தை வெளியே நின்று பார்த்தோம். சபை உறுப்பினர் அல்லாதவருக்கு உள்ளே அனுமதி இல்லை. குன்றின் மேல் சந்தன நிறத்துச் சுண்ணாம்புக்கல் கட்டடம், பல மைல் தூரத்திலிருந்தே தெரிகிறது. 1877ல் தொடங்கி 1888ல் முடித்தார்கள். கட்டட நிதிக்குச் சான்பீட் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை இடுகிற முட்டைகளை ஒதுக்கிக் கொடுத்தார்களாம். 'ஞாயிற்று முட்டை' என்றே பெயர். இந்தப் பள்ளத்தாக்கில் முட்டைக் காசில் ஆகாத காரியம் இல்லை போலிருக்கிறது.

பிறகு வடக்கே வயோமிங் வரை கார்தான். மாப்பிள்ளை ஓட்டினான், நான் தூங்கினேன். ஓரிடத்தில் பெட்ரோல் போட்டபோது நல்ல காப்பி கிடைத்தது. இரவு தங்கிய விடுதியில் முன்பதிவே இல்லை என்று சாதித்து, அரை மணி நேரம் கழித்து இருக்கிறது என்றார்கள். அதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது.

ஆறாம் நாள்: மார்மன் ரோ

ஐந்தரைக்கு எழுந்தோம். உறைபனிக் குளிர். கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது மார்மன் ரோ. 1890களில் ஐடஹோ பக்கத்திலிருந்து மலையைத் தாண்டி வந்த மார்மன் குடும்பங்கள் இங்கே பட்டா வாங்கிக் குடியேறின. மற்றவர்கள் போல ஆளுக்கொரு மூலையில் வீடு கட்டாமல், ஒரே வரிசையில் கட்டிக்கொண்டார்கள். பெயருக்குக் காரணம் அதுதான். கிணறு தோண்டினால் தண்ணீர் எளிதில் அகப்படாத பூமி. கையாலும் குதிரையாலும் வாய்க்கால் வெட்டி ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள்.

தாமஸ் ஆல்மா மோல்டன் என்பவர் மகன்களோடு கட்டிய கொட்டகைதான் அமெரிக்காவிலேயே அதிகம் படமெடுக்கப்பட்ட கொட்டகை என்று சொல்கிறார்கள். 1912 வாக்கில் தொடங்கி, வசதிப்பட்டபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, முடித்தது 1945 வாக்கில். பின்னால் 4,199 மீட்டர் உயர கிராண்ட் டீட்டன் சிகரம். கொட்டகைக் கூரையின் சரிவும் மலையின் சரிவும் சொல்லிவைத்தாற்போல ஒன்றுக்கொன்று பொருந்தும். மோல்டன் அதைப் பார்த்தா கட்டியிருப்பார்? பனி தங்காமல் வழுக்கி விழ வேண்டும் என்று கட்டியிருப்பார்.

பின்னாளில் பூங்காவுக்காக நிலங்களை வாங்கினார்கள், குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. 1916ல் கட்டிய சபைக் கட்டடத்தைக்கூடப் பெயர்த்து வேறு ஊருக்குக் கொண்டுபோய் உணவகம் ஆக்கிவிட்டார்கள். வயல்களில் இப்போது புதர், காட்டெருமைகள் மேய்கின்றன.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முக்காலிகள் வரிசையாக நின்றன. நாற்பது பேராவது இருக்கும். யாரும் பேசவில்லை. கிழக்கே சூரியன் எழும் முன்பே சிகர நுனி சிவக்கத் தொடங்கி, நிறம் மெதுவாகக் கீழே இறங்கியது. பார்க்க வேண்டிய காட்சிதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். நாற்பது ஷட்டர்கள் ஒரே நேரத்தில் கிளிக்கின. நானும் இரண்டு எடுத்தேன். இரண்டும் சுற்றுலாக் கடையில் விற்கிற அட்டை மாதிரியே வந்திருக்கின்றன.

மாப்பிள்ளையைக் கொட்டகை வாசலில் நிறுத்தி ஒன்று எடுக்கலாம் என்று அனுப்பினேன். பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டான், பின்னாலிருந்து சத்தம். ஃபிரேமை விட்டு வெளியே வரச் சொல்லி இருவர் கையை ஆட்டினார்கள். அவன் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பக்கவாட்டில் ஒதுங்கினான், கால் எதிலோ வழுக்கிச் சளக்கென்று சத்தம் கேட்டது.

"மாமா, இங்க தண்ணி ஓடுது!"

போய்ப் பார்த்தேன். புல் மூடிய பழைய வாய்க்கால். கணுக்கால் அளவுத் தண்ணீர், தெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. பாய்ச்ச ஒரு வயலும் இல்லை. முக்காலிக்காரர்கள் எல்லோருக்கும் அது முதுகுப் பக்கம்.

அவன் ஈரச் செருப்பைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தான், வாங்கி ஐந்து நாள்தான் ஆகிறது. "அப்படியே நில்லு மாப்பிள்ளை" என்று ஒரு படம் எடுத்தேன். மலை, கொட்டகை எதுவும் அதில் இல்லை. காலை ஆட்டிவிட்டான், ஒரு பாதம் கலங்கலாக விழுந்திருக்கிறது. பையிலிருந்த சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டேன்: காலை 7.25, வாய்க்காலில் தண்ணீர் உண்டு.